பின்சுவரில் ஒரு பழுப்புக் கறை

ஞாயிறு, காலை 7.05.

பூட்டு உடையவில்லை. கதவு நெளியவில்லை. கூரைத் தகரத்தில் ஓர் ஆணிகூட அசையவில்லை. கொட்டகைக்குள் ஒரு கல் உருளை, கால் ஒடிந்த இரண்டு நாற்காலிகள், பாதி மூட்டை சுண்ணாம்புத் தூள். பாய் மட்டும் இல்லை.

"எடுத்தவன் திரும்பப் பூட்டிட்டுப் போயிருக்கான் பாரு. மரியாதை தெரிஞ்சவன்" என்றார் கொத்தனார். அணியின் விக்கெட் கீப்பர். பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாய்ந்து பிடிப்பவர்.

கதவைத் திறந்தவர் கொட்டகைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். சாவி இன்னும் அவர் விரலில் தொங்கியது. அந்தப் பூட்டுக்கு உலகத்தில் இருந்த ஒரே சாவி.

அவருக்குக் 'கடைசி' என்று பெயர். மைதானத்து மூலையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பம்ப் ஓட்டுகிறவர். ஊர் மன்றம் கொடுத்த தற்காலிக வேலை. பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம். அணியில் பதினோராவது ஆளாக மட்டை பிடிப்பதால் அந்தப் பெயர். அவர் மனைவியே சமயத்தில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

காணாமல் போனது இருபத்திரண்டு கெஜ நார்ப்பாய். ஆடுகளத்தில் விரித்து, ஓரத்துப் பித்தளை வளையங்களில் முளை அடித்து, அதன் மேல்தான் பந்து போடுவார்கள். சுருட்டினால் ஒரு முழுமரம் போல இருக்கும். தூக்க நான்கு தோள்கள் வேண்டும். பாய் கொடுக்க வேண்டியது சொந்த ஊர் அணி. பத்து மணிக்குப் பாய் இல்லையென்றால் ஆட்டம் இல்லை. புள்ளி முழுவதும் வந்தவர்களுக்கு.

அந்த சீசனில் ஒன்பது ஆட்டம் முடிந்திருந்தது. எட்டில் தோல்வி. போன ஞாயிறு, எப்படியோ, ஒரு வெற்றி. இன்று பத்தாவது. இந்த சீசனில் வந்த புது விதிப்படி, இதிலும் ஜெயித்தால் லீக்கில் ஒட்டிக்கொள்ளலாம். போனால் அணி வெளியே. அணி வெளியே போனால் மைதானம் லாரி நிறுத்தம் ஆகும் என்று ஊர் மன்றத்தில் தீர்மானம் தயாராக இருந்தது. மன்றத் தலைவர் என்ற முறையில் அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவரும், அணியின் கேப்டன் என்ற முறையில் அதைக் கண்டித்து அறிக்கை விட்டவரும் ஒருவரே. மைதானத்தை ஒட்டிய மர அறுவை மில்லும் அவருடையதே. மூன்று பொறுப்பையும் ஒரே ஆள் சுமப்பது எவ்வளவு சிரமம் என்று அவர் மேடைதோறும் சொல்வார்.

7.20.

இஸ்திரிக் கடை அக்கா பதினொரு வெள்ளை உடுப்பையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கடைசியின் மனைவி. அணியின் உடுப்பைத் திங்கட்கிழமை வெளுப்பதும் சனிக்கிழமை தேய்ப்பதும் அவள்தான். ஆட்டத்தைப் பார்க்க மாட்டாள். பார்க்கத் தேவையில்லை. எவர் பந்தைத் துரத்தி விழுந்தார், எவர் துரத்துவது போல ஓடிப் பாதியில் நின்றார் என்பது முழங்கால் கறையிலேயே தெரிந்துவிடும். கேப்டனின் உடுப்பில் ஏழு சீசனாக ஒரு கறையும் வந்ததில்லை. அவள் தேய்த்த மடிப்பு கலையாமல் அவளிடமே திரும்பி வரும்.

"என்ன, எல்லாரும் எழவு விழுந்த மாதிரி நிக்கிறீங்க?"

"பாயைக் காணோம்" என்றார் கடைசி.

"நல்லாத் தேடினீங்களா?"

"அது என்ன கொண்டை ஊசியா, தேடுறதுக்கு?"

அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரலில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். சைக்கிளை மெதுவாகச் சுவரில் சாய்த்தாள்.

7.45.

ஜீப் வந்தது. முன் இருக்கையில் இன்ஸ்பெக்டர். பின் இருக்கையில், தன் கார் இருக்கும்போதே ஜீப்பில் வருவதன் கௌரவம் தெரிந்த கேப்டன். வரும் வழியிலேயே புகார் எழுதி, வாங்கி, எண் போட்டாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "காணாமல் போன பொருள்: பாய் ஒன்று. அடையாளம்: நீளமானது, தட்டையானது, பழுப்பு நிறம். காணாமல் போன விதம்: திருட்டு. சந்தேக நபர்..." நிறுத்தினார். "சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட சார்."

"வேற யாருகிட்ட?"

"வேற சாவி இல்ல சார்."

"கடைசியா எப்ப பூட்டின?"

"போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம். கதவு சாத்தியிருந்துச்சு. அது அமுக்குப் பூட்டு சார், சாவி இல்லாமலே பூட்டலாம். பழக்க தோஷத்துல அமுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"உள்ள பாய் இருந்துச்சா?"

"இருக்கும்னு..."

"இருந்துச்சா, இருக்கும்னா?"

கடைசி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கொட்டகைக்குள் தலையை நீட்டினார், தும்மினார், தலையை இழுத்துக்கொண்டார். "உள்ள வெறும் தூசி. தடயம் ஒண்ணும் இல்ல. நாலு பேர் சேர்ந்து செஞ்ச வேலை. இவன் திறந்து விட்டிருக்கான், மத்த மூணு பேரை இவனே சொல்லுவான்."

"சார், ஜெயிச்ச டீம் சார் இது" என்றார் கண்டக்டர். அணியின் வேகப்பந்து வீச்சாளர். பஸ்ஸில் சில்லறை தரும் வேகம்தான் பந்திலும். "எங்க பாயை நாங்களே எதுக்கு சார் எடுக்கிறோம்?"

"விக்கிறதுக்கு."

கேப்டன் கையை உயர்த்தினார். அந்த ஒரு வெற்றிக்குப் புதன்கிழமை நடந்த பாராட்டு விழாவுக்குப் பிறகு எதற்கும் கையை உயர்த்தாமல் அவர் பேசுவதில்லை. "எனக்கு வலிக்குது. என் குடும்பத்துல ஒருத்தன் மாதிரி நெனச்சேன். ஆனா சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். பத்து மணிக்குள்ள பாய் வரலைன்னா, மன்றத் தலைவர்ங்கிற முறையில பம்ப் வேலையைப் பத்தியும் நான் யோசிச்சுத்தான் ஆகணும்."

"பத்து மணி வரைக்கும் டைம்" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்புறம் ஜீப்புல ஏறிக்க."

எல்லோரும் கடைசியைப் பார்ப்பதைத் தவிர்த்துவிட்டு அவருடைய காலணியைப் பார்த்தார்கள். இஸ்திரி அக்கா மட்டும் கொட்டகைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

8.10.

அவள் உள்ளே போய்க் குந்தினாள். விரலால் தரையைத் தொட்டு முகர்ந்தாள். மரத்தூள். பக்கத்து மில்லில் திங்கள் முதல் சனி வரை ரம்பம் ஓடும். மாவு போன்ற தூள் தகர இடுக்கு வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் சமமாக விழும். இந்த விஷயத்தில் மில் யாருக்கும் பாரபட்சம் காட்டியதில்லை. அவள் தேய்த்து வைக்கும் துணிக்கும் இதே கதிதான்.

"பாய் எங்க கிடக்கும்?"

"இந்தா, நீ உக்காந்திருக்கியே, அங்கதான்" என்றார் கடைசி.

அங்கேயும் தூள். உருளையின் மேல் எவ்வளவோ, நாற்காலியின் மேல் எவ்வளவோ, அதே கனம்.

கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். சுவருக்கு சீசன் தொடக்கத்தில்தான் வெள்ளையடித்திருந்தார்கள். சரியாக ஒரு ஆள் உயரத்தில் பழுப்பாக ஒரு தேய்ப்பு. நகத்தால் சுரண்டினாள். நாலைந்து நார் இழைகள் நகக்கண்ணில் ஒட்டின.

"ஏங்க, ஒண்ணு கேக்கிறேன், யோசிச்சுச் சொல்லுங்க. அன்னிக்குப் பாயைச் சுருட்ட ஆள் கூப்பிட்டது யாரு?"

"யாராவது கூப்பிட்டிருப்பாங்க."

"நீங்க கூப்பிடலையா?"

"நான் எப்படிக் கூப்பிடுறது? நான்தான் அன்னிக்கு அவுட்டே ஆகலையே!" ஒரு கணம் அவர் முகத்தில் பழைய பெருமிதம் எட்டிப் பார்த்தது. "காலுக்குப் பேட் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். என்னைக் கூப்பிடுறதுக்குள்ள ஜெயிச்சுட்டாங்க."

8.30.

அணி மரத்தடியில் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தது. அவள் வந்ததும் பாதிச் சட்டையில் இருந்தவர்கள் மீதிச் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த அணியில் ஒரு சட்டம் உண்டு. பத்தாவது விக்கெட்டாக, கடைசியாக எவர் அவுட் ஆகிறாரோ அவர்தான் நாலு பேரைக் கூப்பிட்டுப் பாயைச் சுருட்டி, உள்ளே வைத்து, பூட்டிச் சாவியைக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் அது பதினோராவது ஆளான கடைசிதான் என்பதால் சாவி அவரிடமே தங்கிவிட்டது. தோற்ற எரிச்சலில் ஆளாளுக்கு நழுவியதால் பிறந்த சட்டம். ஏழு சீசனாகக் குறையில்லாமல் நடந்து வந்தது.

"அண்ணே, போன ஞாயிறு பாயைத் தூக்கினது யாரு?"

"கண்டக்டர்" என்றார் கொத்தனார்.

"நானா? நான் கேப்டனைத் தூக்கிட்டுப் போனேன்யா. ஒரு தொடை உன் தோள்ல, ஒரு தொடை என் தோள்ல. மறந்துட்டியா?"

"ஆமாமா. தோள் இன்னும் இறங்கல."

"அப்ப கம்பவுண்டர் அண்ணனா?"

கம்பவுண்டர் இல்லை என்று தலையாட்டினார். அன்று நாற்பத்தொரு ரன் எடுத்தவர் அவர்தான். ஊசி போடும் கை, பதறாது. மூன்று விக்கெட் மீதமிருந்தபோது ஒரு ரன் தேவை. மறுமுனையில் கேப்டன், இன்னும் ஒரு பந்துகூடச் சந்திக்காமல். எதிரணிக்காரன் வைடு போட்டான். ஆட்டம் முடிந்தது. கேப்டன் மட்டையை வானத்தை நோக்கி உயர்த்தி அப்படியே நின்றார், யாராவது தன்னைத் தூக்கும் வரை.

"நான் ஸ்டம்ப்பை எடுத்துக்கிட்டுப் போனேன் அக்கா" என்றார் கம்பவுண்டர். "டி.வி.ல எல்லாம் ஜெயிச்சா அப்படித்தானே எடுத்துக்கிறாங்க. ஆளுக்கொண்ணு எடுத்தோம்."

"அந்த ஸ்டம்ப் இப்ப எங்க?"

ஆறு பேர் ஆறு திசையைப் பார்த்தார்கள்.

"பாயை?"

"பாயை யாரும் நினைவுப் பொருளா எடுக்க மாட்டாங்க அக்கா" என்றார் கண்டக்டர். "அதைத் தூக்க நினைவு மட்டும் போதாது."

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாலு சட்டையாவது தோளில் பழுப்பு நார்த்தூளோடு வரும். சோடா போட்டுத் தேய்த்தால்தான் போகும். இந்தத் திங்கட்கிழமை சோடா டப்பாவை அவள் திறக்கவே இல்லை. இரண்டு சட்டையின் தோளில் கறை இருந்தது, ஆனால் அது ஷூ மண். வியாழக்கிழமை இன்னொரு வேலை வந்தது: புதன்கிழமைப் பாராட்டு விழாவுக்குப் போய்வந்தவர்களின் கால்சட்டைகள். எல்லாவற்றின் அடி ஓரத்திலும் சிவப்பு. கேப்டனுடையதில்கூட! ஏழு வருடத்தில் முதல் கறை என்பதால் அவள் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாள்.

9.05.

கேப்டன் தொப்பியை மாற்றிக்கொண்டு வர வீட்டுக்குப் போயிருந்தார். அவள் பின்னாலேயே போனாள். வெளிக்கதவிலிருந்து வாசற்படி வரை புதிதாகச் சிவப்பு விரிப்பு. ஏறும்போது அவள் சைக்கிள் பையின் கயிறு எதிலோ மாட்டி இழுத்தது. குனிந்து விடுவித்தாள். ஒரு சின்னப் பித்தளை வளையம். அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்று.

"என்னம்மா, புருஷனுக்காகக் கெஞ்ச வந்தியா?"

"இல்லைங்க ஐயா. ஒரு சந்தேகம். பாயை விரிக்கும்போது நீங்க இருப்பீங்களா?"

"நான் கேப்டன்ம்மா. எல்லாம் தயாரான பிறகுதான் போவேன். டாஸ் போடணும்."

"சுருட்டும்போது?"

"தோத்த இடத்துல நான் நிக்கிறதில்ல. அது அணியோட மன உறுதியைப் பாதிக்கும்."

"புதன்கிழமை விழாவுக்கு இந்தக் கம்பளம் எங்க வாங்கினீங்க ஐயா? நல்லா இருக்கு."

"மேடை போட்டவர் ஏற்பாடு. வெளியூர்க்காரர், என் ரசனை தெரிஞ்சவர்." அவர் தொப்பியைக் கண்ணாடியில் சாய்த்துப் பார்த்துக்கொண்டார். "சிவப்புதான் வேணும்னு நான் சொன்னேன்."

திரும்பும் வழியில் காவல் நிலையம். காவலர்களின் உடுப்பு மூட்டையைக் கொடுக்க அவள் ஏறினாள். வாசலிலிருந்து இன்ஸ்பெக்டரின் மேசை வரை இன்னொரு சிவப்பு விரிப்பு. அவள் செருப்பைக் கழற்றி, வெறும் பாதத்தால் அதைத் தேய்த்துப் பார்த்தாள். நார் உறுத்தியது. பாதம் சிவந்தது.

9.30.

அம்பயர் வந்தார். போன ஞாயிறும் அவரே அம்பயர். வேறு ஊரில் உடற்பயிற்சி ஆசிரியர். யாரைப் பார்த்தாலும் வரிசையில் நிற்கச் சொல்லிவிடுவாரோ என்று தோன்றும். கூடவே லீக் செயலாளர் காரில் இறங்கினார்.

அக்கா அம்பயரிடம் போனாள். கேள்வி கேட்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதில் சொல்ல அவருக்கு அதைவிடக் குறைவு. அவள் திரும்பி நடந்தபோது எட்டில் ஒரு பங்கு தைரியம் வந்திருந்தது. மீதி ஏழு பங்குக்காகக் காத்திருக்க நேரமில்லை.

9.40.

"எல்லாரும் கொட்டகைக்கிட்ட வாங்க" என்றாள். "இன்ஸ்பெக்டர் சார், நீங்களும்."

"என்ன, புருஷன் ஒத்துக்கிட்டானா?"

"பாய் எங்க இருக்குன்னு சொல்றேன் சார்."

பதினொரு பேர், அம்பயர், செயலாளர், இன்ஸ்பெக்டர். இவ்வளவு பேர் தன் பேச்சைக் கேட்க நிற்பது அவளுக்கு இதுதான் முதல் முறை. இஸ்திரிப் பெட்டி இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சார், உள்ள வெறும் தூசின்னு சொன்னீங்க. அது மில்லு தூள். பாய் கிடக்கிற இடத்துலயும் மத்த இடம் மாதிரியே கனமா படிஞ்சிருக்கு. ஒரு வாரத் தூள். அப்ப திங்கட்கிழமை ரம்பம் ஓட ஆரம்பிச்சப்பவே பாய் உள்ள இல்ல."

"இவன் ஞாயித்துக்கிழமையே வித்திருப்பான்."

"ஞாயித்துக்கிழமை அது உள்ள வரவே இல்ல சார். தூக்கியிருந்தா நாலு தோள்ல நார்த்தூள் இருக்கணும். ஒரு சட்டைலயும் இல்ல. பத்தாவதா, கடைசியா அவுட் ஆனவர்தான் ஆள் கூப்பிடணும்னு இவங்களுக்கு ஒரு சட்டம். தோத்தா எல்லாரும் அவுட், கடைசின்னு ஒருத்தர் இருப்பார். ஜெயிச்சா?"

கொத்தனார் மெதுவாக விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"ஜெயிச்சா கடைசி ஆளே கிடையாது" என்றாள். "ஏழு சீசனா ஜெயிக்காததால அந்த ஓட்டை யாருக்கும் தெரியல. ஒவ்வொருத்தரும் வேற யாரோ தூக்கிட்டாங்கன்னு நெனச்சு ஊர்வலம் போயிட்டீங்க. இவரு பழக்கத்துல வெறும் கொட்டகையைப் பூட்டிட்டு வந்துட்டாரு. அம்பயர் சார், அப்புறம் என்ன நடந்துச்சு?"

"எதிர் டீம் பசங்க பாவப்பட்டு நாலு பேரா சுருட்டினாங்க" என்றார் அம்பயர். "கதவு பூட்டியிருந்துச்சு. பின்சுவத்துல நிமித்திச் சாய்ச்சு வச்சுட்டுக் கிளம்பினோம். ஒழுங்கா வச்சோம். வரிசையா நின்னு."

"அந்தக் கறை இன்னும் சுவத்துல இருக்கு. அங்கேருந்து அதை எடுத்தது யாரு? இந்த டீம்ல பாயைத் தூக்கின எவனும் அதைப் பாயில்லன்னு சொல்ல மாட்டான். எப்படி நின்னாலும் அடையாளம் தெரியும், தோள் வலி சொல்லிடும். அது பாய்னு தெரியாத ஒருத்தர்தான் எடுத்திருக்கணும். சார், புகார்ல அடையாளம் என்ன எழுதியிருக்கு?"

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்தார். "நீளமானது. தட்டையானது."

"பாயைத் தட்டையா மட்டுமே பார்த்தவர் எழுதினது. விரிச்ச பிறகு வருவார், சுருட்டுறதுக்குள்ள போயிடுவார். சுருட்டின பாயை ஏழு வருஷத்துல ஒரு தடவைகூடப் பார்க்காதவர் இந்த டீம்ல ஒருத்தர்தான்."

பத்துத் தலைகள் திரும்பின. கேப்டன் கையை உயர்த்தினார். பிறகு அதே கையால் தொப்பியைச் சரிசெய்தார்.

"விழாவுக்கு முன்னாடி மேடைக்காரரோட மைதானத்துக்கு வந்தீங்களா ஐயா?"

"வந்தேன். திங்கட்கிழமை, இடம் காட்ட."

"சிவப்புக் கம்பளம் கேட்டீங்க. அவருகிட்ட இருந்ததா?"

"அது ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்குன்னான்."

"அப்ப?"

கேப்டன் சுவரைப் பார்த்தார். பழுப்புக் கறையும் அவரைப் பார்த்தது. "சுவத்தோரமா ஏதோ ஒரு உருட்டு நின்னுச்சு. கேட்பாரில்லாம. இதுக்குச் சாயம் போட்டு விரின்னு சொன்னேன். பொது இடத்தைச் சுத்தம் பண்றது மன்றத் தலைவரோட கடமைன்னு..."

"புதன்கிழமை நம்ம பாய் மேலதான் நீங்க நடந்து மேடை ஏறினீங்க ஐயா. நாங்க எல்லாரும்தான் நடந்தோம். சாயம் ஒட்டாம எல்லாருடைய கால்சட்டைலயும் ஏறியிருக்கு. அப்புறம் மூணா வெட்டியிருக்கீங்க, நான் பார்த்த துண்டு ஒவ்வொண்ணும் ஏழு கெஜம்தான்; ரெண்டை விருந்தாளிங்களுக்குப் பரிசாக் குடுத்திருக்கீங்க. ஒண்ணு உங்க வாசல்ல. ஒண்ணு ஸ்டேஷன்ல, இன்ஸ்பெக்டர் சார் மேசைக்குப் போற வழியில. மூணாவது..."

லீக் செயலாளர் இருமினார். "என் கார் டிக்கியில இருக்கு. இன்னும் பிரிக்கவே இல்ல."

9.48.

ஒரு நிமிடம் அந்த மைதானத்தில் மகிழ்ச்சி இருந்தது. கொத்தனார் கத்தினார். "மூணு துண்டும் அஞ்சு நிமிஷ தூரம்! வளையம் அப்படியே இருக்கு! சேர்த்து முளை அடிக்க இன்னொரு அஞ்சு நிமிஷம்!"

"ஒட்டு தெரியாம இழுத்து அடிச்சா நான் ஆட விடுறேன்" என்றார் அம்பயர்.

கண்டக்டர் கார் டிக்கியை நோக்கி ஓடினார். பந்து வீச அவர் அவ்வளவு வேகமாக ஓடியதை எவரும் பார்த்ததில்லை. விரிப்பில் அவர் கை படும் நேரம்.

"தொடாதே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

கண்டக்டர் நின்றார்.

"இது திருட்டுப் போன சொத்து. இப்பத்தான் நிரூபணம் ஆகியிருக்கு. புகார் இருக்கு, எண் போட்டிருக்கு. மூணு துண்டையும் பறிமுதல் பண்ணி, சீல் வச்சு, கோர்ட்ல ஒப்படைக்கணும்."

"சார், அது எங்க பாய் சார்."

"அதைத்தான் கோர்ட் முடிவு பண்ணும்."

"கேப்டன், புகாரை வாபஸ் வாங்குங்க!" என்றார் கம்பவுண்டர்.

"வாங்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "மனு எழுதணும். எடுத்தது யார், எதுக்குன்னு காரணம் காட்டணும். எழுத்தர் நாளைக்குத்தான் வருவார்."

கேப்டன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். எடுத்தது யார் என்று எழுத வேண்டிய இடம் அவர் மனக்கண்ணில் விரிந்திருக்க வேண்டும். "சட்டத்தோட பாதையில குறுக்க நிக்க எனக்கு மனசு வரல" என்றார்.

"குற்றவாளி பேர் என்ன சார் எழுதப் போறீங்க?" என்று கேட்டாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார், மூடினார். "புகார் கொடுத்தவர் பேர் மேல இருக்கு. அதே பேரைக் கீழயும் எழுதினா படிக்கிறவன் சிரிப்பான். விசாரணையில் இருக்குன்னு போடுறேன்." கடைசியைப் பார்த்தார். "நீ போகலாம்."

கேப்டன் வந்து கடைசியின் தோளில் கை வைத்தார். "மனசுல வச்சுக்காதே. நான் மறந்துட்டேன்."

"வேலை?" என்றாள் அக்கா.

"இருக்கு, இருக்கு. தற்காலிகமா."

அவள் கணவனை ஜீப்பிலிருந்து மீட்டுவிட்டாள். வேறு எதையும் அல்ல. பாயைப் பாய் என்று நிரூபிக்காமல், வெறும் கால்மிதியாகவே இரவல் கேட்டு வாங்கி வந்திருந்தால் இந்நேரம் முளை அடித்துக்கொண்டிருப்பார்கள். அது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கம்பவுண்டருக்கும் புரிந்தது.

"தெரிஞ்சு செஞ்சிருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம்" என்றார் கொத்தனார். "தெரியாம செஞ்சவரை என்னத்தைப் பண்றது?"

10.00.

எதிரணி வரிசையாக நின்றது. அம்பயர் கடிகாரத்தைப் பார்த்தார், வெறும் மண்ணைப் பார்த்தார், கையை நீட்டி எதிரணியின் பக்கம் காட்டினார். செயலாளர் கார் பானட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில் 'பாய் இல்லை' என்று எழுதினார். அவருக்கு மூன்று அடி பின்னால், டிக்கியில், ஒரு காவலர் மூன்றில் ஒரு பங்குப் பாய்க்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் ஒரு சிறு உரை நிகழ்த்தினார். தோல்வியைத் தனிப்பட்ட முறையில் தான் ஏற்பதாகச் சொன்னார். நான்கு பேர் கை தட்டினார்கள், பழக்கத்தில்.

10.40.

மைதானம் காலியானது. கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது. இன்றும் யாரும் அவுட் ஆகவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

கடைசி கதவைச் சாத்தப் போனார். பூட்டில் கை வைத்தவர் நின்று, தலையை உள்ளே நீட்டி ஒரு முறை பார்த்தார். உருளை. இரண்டு நாற்காலிகள். தூள். பிறகு அமுக்கினார்.

"எதுக்கு?" என்றாள்.

"சும்மா."

திங்கட்கிழமை காலை பதினொரு வெள்ளை உடுப்பும் அவள் கடைக்கு வந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து முழங்காலைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், ஓரத்தைப் பார்த்தாள். சனிக்கிழமை அவள் போட்ட மடிப்பு ஒன்றுகூடக் கலைந்திருக்கவில்லை. பதினொன்றில் கேப்டனுடையது எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.